பாம்பன் பாலத்தின் சர்வீஸ் ரெஜிஸ்டர்

ராமநாதபுரத்து மன்னர்களுக்குச் சேதுபதி என்று பட்டம். சேதுவுக்கு, அதாவது ராமர் பாலத்துக்கு, காவலர்கள். பல நூற்றாண்டுகள் அந்தப் பட்டத்தைச் சூடிக்கொண்டு ஆண்டார்கள், பிராகாரம் எழுப்பினார்கள், வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் வைத்தார்கள். காவல் காக்க வேண்டிய பாலம் மட்டும் அங்கே இல்லை. பதவியை முதலில் நிரப்பிவிட்டு, வேலையைப் பிறகு தேடும் வழக்கம் நம் ஊரில் சர்க்கார் ஆபீஸ்கள் வருவதற்கு முன்பே இருந்திருக்கிறது.

சேதுபதிகளுக்கும் முந்தைய அந்தப் பாலத்தை ராமருக்காக நளன் என்ற வானர இன்ஜினீயர் கட்டினான். வால்மீகி கணக்கில் ஐந்தே நாள் வேலை. டெண்டர் கிடையாது, மண் பரிசோதனை கிடையாது, திறப்பு விழா கிடையாது. தற்காலிக ஊழியரான அணிலுக்கு முதுகில் மூன்று கோடு போட்டுக் கணக்கை முடித்துவிட்டார்கள். அந்தப் பாலத்தைப் பற்றி வழக்கு, அரசியல், விண்வெளிப் படம் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் இந்தக் கட்டுரை உருப்படியாக வீடு திரும்பாது.

நமக்கு வேண்டியது மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் துருப்பிடித்த பழைய ரயில் பாலம். 1914 பிப்ரவரி 24 அன்று வேலையில் சேர்ந்து, 2022 டிசம்பர் 23 அன்று ஓய்வு பெற்றது. ஏறக்குறைய 109 வருட சர்வீஸ். ஓர் அரசு ஊழியரின் சர்வீஸ் ரெஜிஸ்டரை, அதாவது எஸ்.ஆர். புத்தகத்தைப் புரட்டினால், எந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள் என்பதற்கும் கடைசிவரை என்ன வேலை பார்த்தார் என்பதற்கும் சம்பந்தமே இருக்காது. இந்தப் பாலத்தின் எஸ்.ஆர். அதைவிட மோசம்.

நியமனம்

ராமநாத சுவாமியைத் தரிசிக்கப் போகும் பக்தர்கள் கஷ்டப்படக் கூடாதே என்று வெள்ளைக்காரன் இந்தப் பாலத்தைக் கட்டினான் என நம்பும் நல்ல உள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. உண்மையில் அதைக் கட்ட வைத்தது தேயிலை.

இலங்கை மலைகளில் முதலில் காப்பிதான் போட்டார்கள். 1869 முதல் இலைத்துரு நோய் வந்து காப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. துரைமார்கள் தேயிலைக்கு மாறினார்கள். காப்பிக்குப் பருவத்துக்குப் பருவம் ஆள் போதும், தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கை வேண்டும். கை தமிழ்நாட்டில் இருந்தது, கூடவே பஞ்சமும் இருந்தது. கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். அந்த ஜனங்கள் கரைவரை நடந்து, தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். துரைமார்களுக்கு வருத்தம்தான். கொழுந்து கிள்ள வேண்டிய கைகள் காட்டில் வீணாகின்றனவே!

ஆகவே இந்தியாவையும் இலங்கையையும் ரயிலிலேயே இணைத்துவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை கடலுக்கு மேலேயே தண்டவாளம். லண்டன் செலவுக் கணக்கைப் பார்த்தது, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தது. பிறகு சிக்கனமான முடிவுக்கு வந்தது: பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம், மீதிக்குக் கப்பல். அதாவது, ராமர் எந்த இடத்தில் பாலம் கட்டியதாக ஊரே சொல்கிறதோ அந்த இடத்தை விட்டுவிட்டு, அவர் கைவைத்ததாக யாருமே சொல்லாத இடத்தில் கட்டினார்கள்.

இதில் அடிபட்டது தூத்துக்குடி. அதுவரை மதராஸ்காரர் கொழும்பு போக வேண்டுமானால் ரயிலில் தூத்துக்குடி வந்து கப்பல் ஏற வேண்டும். அந்தக் கடலில்தான் 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது, இலவசமாக ஏற்றிக்கொள்வதாகச் சொன்னது, அதோடு குடையும் தருவதாகச் சொன்னது. வாக்காளருக்கு இலவசம் தரும் கலையை நம் கட்சிகள் கண்டுபிடித்ததாக நினைப்பவர்கள் இந்தக் குடையை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். வ.உ.சி.யைச் சிறையில் போட்டு, செக்கிழுக்க வைத்து, 1912 கடைசியில் வெளியே விட்டார்கள். அவர் வெளியே வந்து ஒன்றரை வருடத்துக்குள், கொழும்புப் பயணிகளின் கூட்டம் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பிவிட்டது. எந்தக் கடல்வழிக்காக அத்தனை குடையும் கொடுத்தார்களோ, அந்த வழியையே பாலத்தைக் கட்டிய தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஓரங்கட்டிவிட்டது.

உடற்தகுதி

நீளம் சுமார் 2 கிலோமீட்டர். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கண்கள். பெரும்பாலான கண்களில் சாதாரண இரும்பு கர்டர்கள்தான். அவற்றைப் பார்க்க யாரும் மெனக்கெட்டு வரமாட்டார்கள். எல்லாரும் வருவது நடுவில் இருக்கும் தூக்குப் பாலத்தைப் பார்க்க.

அது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சேரும் எஃகுச் சட்டகம். சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகப் பின்னியிருப்பார்கள். சதுரத்தை ஓரத்தில் அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. குறைந்த எஃகில் அதிக பலம், நடுவே காற்று புகுந்து போகவும் வழி. பாம்பனில் காற்று கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பதால் இது அவசியமான மரியாதை.

இந்த வகைத் தூக்குப் பாலத்தை வடிவமைத்தவர் சிகாகோக்காரர் வில்லியம் ஷெர்சர். சிகாகோ ஆற்றின் நெரிசலுக்காக யோசித்தவர், 1893-இல் முப்பத்தைந்து வயதில் காலமாகிவிட்டார். சகோதரர் ஆல்பர்ட் தொழிலைத் தொடர்ந்தார். தான் பார்க்காத கடலில், தான் கேள்விப்பட்டிராத ஊரில், தன் பெயர் நூறு வருடத்துக்கு மேல் உப்புக்காற்றில் ஆடும் என்று ஷெர்சர் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்.

அவருடைய யுக்தி இதுதான். பாலத்தின் ஒவ்வொரு பாதிக்கும் அடிப்பகுதி வளைந்திருக்கும். பின்னால் எடைக்கு எடை. கப்பல் வந்தால் அந்த வளைவு பின்பக்கமாக உருளும், நுனி வானத்தைப் பார்க்கும். ஒரு பாதியின் எடை 415 டன். அதைத் தூக்க மின்சாரம், நீராவி ஒன்றும் கிடையாது. ஆட்கள் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். முக்கால் மணி நேரம்போல ஆகும். எடை சமனாக இருந்தால் மலையையும் மனிதனே நகர்த்தலாம் என்பது இயற்பியல். மனிதக் கூலி மின்சாரத்தைவிட மலிவு என்பது கம்பெனிக் கணக்கு. கடைசி நாள் வரைக்கும் இந்த ஏற்பாடு மாறவில்லை. செவ்வாய்க்கு மங்கள்யான் அனுப்பிய தேசத்தில், கப்பலுக்கு வழிவிட ஆட்கள் பாலத்தில் நடந்துகொண்டே இருந்தார்கள்.

பணியின் தன்மை

ரயிலுக்குப் பெயர் போட் மெயில். எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரை செல்லும். தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னாரில் மறுபடி ரயில். கப்பல்களுக்கு இர்வின், கோஷன் என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். ஒருவர் வைஸ்ராய், இன்னொருவர் மதராஸ் கவர்னர். பதவியில் இருப்பவர் பெயரை எதற்காவது சூட்டிவிடும் ஆசைக்குக் கட்சி, நிறம், தேசம் எதுவும் தடையில்லை.

துரைமார்கள் கொழும்பு போனார்கள், வியாபாரிகள் போனார்கள். தோட்டத் தொழிலாளிகள் மட்டும் நேராகப் போக முடியாது. மண்டபம் கேம்ப் என்று ஒரு முகாம் இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம். அங்கே சில நாள் தங்க வைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அனுப்புவார்கள். நோய்க்கிருமிகள் ஏழைகளோடு மட்டும் பயணம் செய்யும் என்பது அன்றைய நிர்வாக விஞ்ஞானம்.

பக்தர்கள்? அவர்களும் போனார்கள், கூட்டம் கூட்டமாக. கம்பெனிக்கு அது உபரி வரும்படி. தேயிலைக்காகக் கட்டிய பாலத்தில் 22 தீர்த்தமும் ஆடி, கோடி புண்ணியம் தேடிக்கொண்டு திரும்பினார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்கள். அவற்றைப் பொறுக்கி எடுத்து உறவினருக்கு உதவிய பையனுக்கு அதுதான் முதல் சம்பாத்தியம். பையனின் பெயர் அப்துல் கலாம். இவர் இந்த ரெஜிஸ்டரில் பிற்பாடு மறுபடி வருவார், பெரிய பதவியில்.

விபத்து

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைப் பற்றிக் கிண்டல் செய்ய எதுவும் இல்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் எடுத்துக்கொண்டது. அதில் போனவர் நூறு பேருக்கு மேல், ஒருவரும் மிஞ்சவில்லை. தனுஷ்கோடி என்ற ஊர் ஒரே இரவில் போயிற்று. மனிதர் வசிக்க லாயக்கற்ற இடம் என்று அரசாங்கம் அதை அறிவித்தது. பாலத்தில் 126 கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஷெர்சரின் தூக்குப் பாலம் அசையாமல் நின்றது.

கிண்டலுக்கு ஆள் வேண்டுமென்றால் டெல்லியும் கொழும்பும் இருக்கின்றன. அதே வருடம் அக்டோபரில்தான் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு. அனுப்பப்படுகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பாட்டனை அழைத்துப் போனபோதும் கேட்கவில்லை, பேரனை அனுப்பும்போது மட்டும் எதற்குக் கேட்க வேண்டும்? ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்ட கையெழுத்தின் மை காய்வதற்குள், அவர்கள் திரும்பி வர வேண்டிய பாலம் உடைந்து கிடந்தது.

பாலத்தைச் சரிசெய்ய ஒரு இளம் இன்ஜினீயரை அழைத்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கேரளத்தில் சொந்த ஊருக்குப் போயிருந்தவர், பெயர் ஈ. ஸ்ரீதரன். ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். அவருடைய மேலதிகாரி அதை மூன்றாக்கினார். மேலதிகாரிகள் எதை வேண்டுமானாலும் பாதியாக்குவார்கள். புது கர்டர்களுக்குக் காத்திருந்தால் காலம் போய்விடும் என்ற நிலையில், பழைய கர்டர்கள் கடலடியில் கிடப்பதை மீனவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். அவற்றையே மேலே தூக்கி மறுபடி தூண்களில் ஏற்றினார்கள். 46 நாளில் பாலம் தயார்.

பரிசு 1000 ரூபாய். பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் அமைத்த மனிதருக்கு ரயில்வே அன்று கொடுத்த சன்மானம் இது. கர்டரைக் காட்டிக்கொடுத்த மீனவர்கள் வீடு திரும்பி, மறுநாள் மீன் பிடிக்கப் போயிருப்பார்கள்.

கூடுதல் பொறுப்பு

பாலம் எழுந்தது, ஆனால் அதன் வேலை பாதி போய்விட்டது. தனுஷ்கோடி இல்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போனது. அதில் வந்து இறங்கியவர்கள் ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட குடும்பங்கள். டிரங்குப் பெட்டியும் தோட்டத்துக் கம்பளியுமாக, பார்த்தே இராத சொந்த நாட்டுக்கு வந்தார்கள். அவர்களைத் தங்க வைத்த இடம் அதே மண்டபம் கேம்ப். போகும்போது நோய் இருக்கிறதா என்று பார்த்த இடம், வரும்போது காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது.

1980-களின் தொடக்கத்தில் இலங்கையில் போர் மூண்டபோது கப்பலும் நின்றது. பிறகு மக்கள் படகுகளில் அகதிகளாக வந்தார்கள், மண்டபம் கேம்ப் மறுபடி நிறைந்தது. இலங்கைக்கு ஆள் அனுப்பக் கட்டியது எல்லாம் இலங்கையிலிருந்து வருகிறவர்களைத் தாங்குவதாக ஆயிற்று. எந்தத் திட்ட அறிக்கையிலும் இல்லாத வேலை. ரயிலின் பெயர் மட்டும் இன்றுவரை போட் மெயில். போட் போயிற்று, தபாலையும் கைப்பேசி தின்றுவிட்டது. டைம் டேபிளில் மாற்றம் செய்ய ரயில்வேக்கு இன்னும் சர்க்குலர் வரவில்லை போலிருக்கிறது.

கப்பல் போன பிறகு பாலத்துக்கு மிஞ்சிய வேலை ராமேஸ்வரம் தீவைப் பிடித்துக்கொண்டிருப்பது. 1988 வரை தீவுக்குப் போக ரயில் அல்லது படகு. சாலைப் பாலத்துக்கு 1974-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார், 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். நளனுக்கு 5 நாள், ஸ்ரீதரனுக்கு 46 நாள், சாலைப் பாலத்துக்கு 14 வருடம். ராமரை வனவாசத்துக்கு அனுப்பிய அதே கால அவகாசத்தில் ஒப்பந்ததாரரும் வேலையை முடித்திருக்கிறார், குறை சொல்ல முடியாது.

சாலைப் பாலம் வந்ததும் ரயில் பாலத்துக்கு மதிப்புக் குறையும் என்று நினைத்தார்கள், நேர்மாறாக நடந்தது. உயரமான சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ரயில் பாலத்தைப் பார்க்கும் பால்கனியாகிவிட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஊரே நின்றது.

"அண்ணே, ரயில் எப்பண்ணே வரும்?"

"வரும்போது வரும் தம்பி. காத்து விடணும்ல."

தம்பி நின்றுகொண்டே இருப்பான். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது. விழுந்தாலும் ரயில் 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊரும். பக்கத்தில் போகிற மீன்பிடிப் படகு முந்திப் போகும். எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்த வண்டிகளுக்கு இதைவிடப் பணிவு கற்றுக்கொடுத்த இடம் இந்தியாவில் இருக்காது.

எக்ஸ்டென்ஷன்

இந்தியா முழுக்க மீட்டர் கேஜைத் தூக்கிவிட்டு அகலப் பாதை போட்டுக்கொண்டு வந்தபோது, பாம்பன் பாலத்துக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. மீட்டர் கேஜ் ரயிலுக்காக 1914-இல் செய்த எஃகு, அகன்ற கனத்த ரயிலைத் தாங்குமா? பாலத்தை விட்டால் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. அப்போது டெல்லியில் குடியரசுத் தலைவராக இருந்தவர், ஓடும் ரயிலிலிருந்து விழும் பத்திரிகைக் கட்டைப் பொறுக்கிய அதே பையன். சொந்த ஊர்ப் பாலத்துக்காக அவர் பேசினார். ரயில்வே இன்ஜினீயர்கள் பழைய பாலத்தையே பலப்படுத்தினார்கள். 2007 ஆகஸ்டில் அகலப் பாதை ரயில் ஓடியது. பரிந்துரை இல்லாமல் எக்ஸ்டென்ஷன் கிடைக்காது என்பதை இதற்கு முன் தாலுக்கா ஆபீஸ் அளவில்தான் கேள்விப்பட்டிருப்போம். பாலத்துக்குக் கிடைத்த பரிந்துரை ராஷ்டிரபதி பவனிலிருந்து வந்தது.

தொண்ணூற்று மூன்று வயதில் வேலைப்பளு கூடியது. 2013 ஜனவரியில் கடற்படைக்குச் சொந்தமான பார்ஜ் ஒன்று தடுமாறி வந்து பாலத்தில் மோதியது. கப்பல் போக நடுவில் தனியாகத் தூக்குப் பாலமே இருக்கிறது. அந்த வழியாக வராமல் குறுக்கே வந்தது. புயல் செய்ய மறந்ததை நம் பாதுகாப்புத் துறை செய்யப் பார்த்தது. பாலம் கொஞ்ச நாள் மெடிக்கல் லீவு எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது.

ஓய்வு

2018 டிசம்பரில் தூக்குப் பாலத்தில் கோளாறு கண்டு ரயிலை நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி ஓடியது. பக்கத்திலேயே புதிய பாலத்துக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2022 டிசம்பர் 23 அன்று பழைய பாலத்தில் ரயில் ஓட்டம் நிரந்தரமாக நின்றது. புயல் வந்த இரவுக்குச் சரியாக 58 வருடம் கழித்து. தேதியைத் தேர்ந்தெடுத்தவருக்கு வரலாற்று ஞானம் இருந்திருக்க வாய்ப்பில்லை. சோதனைக் கருவிகள் அடித்த அபாய மணிதான் காரணம்.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6, ராமநவமியன்று திறக்கப்பட்டது. 99 கண்கள், நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டு. அது அப்படியே படுத்தபடி லிஃப்டில் 17 மீட்டர் மேலே போகும். மோட்டார் வைத்து சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். யாரும் சுற்றி நடக்க வேண்டாம். திறப்பதற்கு முன்பே ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அதில் குறைகளைப் பட்டியலிட்டு அறிக்கை கொடுத்தார். வேலையில் சேரும் முன்பே மெமோ வாங்கிய முதல் பாலம் இதுவாகத்தான் இருக்கும்.

அப்போது பழைய பாலம் பக்கத்திலேயே நின்றது. ரயில்வே அதைக் கழற்றிப் போட நினைத்தது. நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் பலர். அவர்களில் பெரும்பாலானோர் அது ஓடிக்கொண்டிருந்தபோது பத்து கிலோமீட்டர் வேகத்தைத் திட்டிக்கொண்டே போனவர்கள்தான். பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் நம்மிடம் ஆள் குறைவதே இல்லை.

109 வருடத்தையும் கூட்டிப் பார்த்தால் விஷயம் எளிது. தேயிலைக்காகக் கட்டினார்கள், தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்களை அது ஏற்றி வந்தது. கொழும்புக்காகக் கட்டினார்கள், கொழும்புக்குப் போகும் வழியே அடைபட்டுப் போனது. கப்பலுக்காகத் தூக்கினார்கள், தூக்குவதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. திட்டம் போட்டவர்கள் அத்தனை பேரும் தோற்றார்கள், பாலம் மட்டும் வேலை பார்த்தது.

புதிய பாலம் நூறு வருடம் நிற்கும் என்கிறார்கள். எஃகு நிற்கட்டும், பெயிண்ட் நிற்கட்டும். எந்தக் காரணத்துக்காகக் கட்டினார்களோ அது எத்தனை வருடம் நிற்கும் என்று எந்த ஆய்வகத்திலும் சோதனை நடப்பதில்லை. ஆகவே, சீனியர் தன் ஜூனியருக்குச் சொல்லக்கூடிய அறிவுரை ஒன்றுதான்: நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று ரொம்பப் படிக்காதே, வருகிறவர்களை ஏற்றி இறக்கு. ராத்திரி போட் மெயில் வரும். போட் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதே.